கண்ணாடி முன் கழற்றிய விக்

2014 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' என்னும் தொடரின் நான்காவது பகுதி ஒளிபரப்பானது. அதன் நாயகி அனலிஸ் கீட்டிங் குற்றவியல் வழக்கறிஞர், சட்டப் பேராசிரியர். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பையும் வகுப்பறையில் மாணவர்களையும் ஒரே மாதிரி நடுங்க வைப்பவர். இரவு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் உட்காருகிறார். நகைகளைக் கழற்றுகிறார். படிய வாரியிருந்த கூந்தலைப் பிடித்துத் தூக்குகிறார். அது அப்படியே கையோடு வந்துவிடுகிறது. விக். அடியில் இருப்பது குட்டையாகச் சுருண்ட சொந்த முடி. பொய்யிமைகளை உரித்து எடுக்கிறார், முகப்பூச்சைத் துடைக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக வேறொரு முகம், களைத்த, வயதான, உண்மையான ஒரு முகம் வெளியே வருகிறது. அதுவரை வசனமே இல்லை. அதன் பிறகுதான் கணவன் பக்கம் திரும்பி, கேட்க வேண்டியதைக் கேட்கிறார்.

விக்கைக் கழற்றும் காட்சி வேண்டும் என்பது, அந்தப் பாத்திரத்தை ஏற்கும்போதே நடிகை வயோலா டேவிஸ் முன்வைத்த கோரிக்கை. அமெரிக்காவில் எத்தனையோ கறுப்பினப் பெண்கள் அன்றாடம் இரவில் செய்கிற காரியம் அது. அப்படியிருந்தும், தேசிய ஒளிபரப்பில் முதன்மை நேரத்தில் ஒரு நாயகி அதைச் செய்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. அன்றாடம் நடப்பது ஒன்று திரையில் வரும்போது அதிசயமாகிறது என்றால், அதுவரை திரையில் என்னதான் வந்துகொண்டிருந்தது என்ற கேள்வி எழுகிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சி கறுப்பினப் பெண்களைக் காட்டும் விதத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'நல்ல சித்திரிப்பா, மோசமான சித்திரிப்பா' என்ற இடத்திலேயே சுற்றி வருகிறது. வேலைக்காரியாகக் காட்டினால் மோசம், வழக்கறிஞராகக் காட்டினால் நல்லது என்ற இந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது என்பது என் எண்ணம். வேலைக்காரிகள் உண்மையில் இருந்தார்கள்; லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய வாழ்க்கையில் எந்தத் துண்டை வெட்டி எடுத்துத் திரையில் வைத்தார்கள், எதை வெளியே விட்டார்கள், வெட்டும் கத்தரி யார் கையில் இருந்தது என்று பார்த்தால்தான் திரைக்கும் பட்டறிவுக்கும் உள்ள உறவு பிடிபடும்.

ஒரு கறுப்பின நடிகை முதன்மைப் பாத்திரத்தில் வந்த முதல் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் 1950இல் ஏபிசியில் தொடங்கிய 'பியூலா'. பியூலா ஒரு வெள்ளையினக் குடும்பத்தின் வேலைக்காரி. அந்த வீட்டின் சின்னச் சின்னச் சிக்கல்களையெல்லாம் தீர்த்து வைப்பவர். இந்தப் பாத்திரம் வானொலியில் பிறந்தது. முதலில் அதற்குக் குரல் கொடுத்தவர் மார்லின் ஹர்ட் என்ற வெள்ளையின ஆண். ஒலிப்பதிவு அரங்கில் பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நின்று, தன் முறை வந்ததும் சட்டெனத் திரும்பிப் பெண் குரலில் பேசுவாராம். குரலுக்கும் ஆளுக்கும் உள்ள பொருத்தமின்மையே அரங்கைச் சிரிக்க வைக்கும். அவருக்குப் பின் 1947இல் வானொலியில் அப்பாத்திரத்தை ஏற்றவர், ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரான ஹாட்டி மெக்டேனியல். தொலைக்காட்சியில் எதெல் வாட்டர்ஸ், லூயிஸ் பீவர்ஸ் ஆகியோரும் பியூலாவாக நடித்தார்கள். மூவருமே பெரும் திறமைசாலிகள். ஆனால் பாத்திரத்தின் எலும்புக்கூடு ஒரு வெள்ளையின ஆணின் கேலிக்குரலில் இருந்து வந்தது. அதன்மேல் எவ்வளவு சதை வைத்தாலும் அது ஓரளவுக்கு மேல் மாறவில்லை.

பியூலாவுக்குச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வேலை முடியும், உடம்புக்கு முடியாத நாளில் யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் தொடருக்கு வேண்டாத விவரங்கள். வெளியே இருந்த நிலைமை வேறு. 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் பிறர் வீட்டு வேலையில் இருந்தார்கள். முதியோர் ஓய்வூதியத்துக்கு வழி செய்த 1935ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வேலையையும் விவசாயக் கூலி வேலையையும் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. அதே ஆண்டில் 'தி கிரைசிஸ்' இதழில் எல்லா பேக்கர், மார்வல் குக் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெருமுனைகளைப் பற்றி எழுதினார்கள். மழையோ வெயிலோ, கையில் காகிதப் பொட்டலத்தோடு கறுப்பினப் பெண்கள் அங்கே நின்றிருப்பார்கள். வீட்டுக்காரிகள் வந்து, பேரம் பேசி, மணிக்கணக்குக் கூலிக்கு அழைத்துப் போவார்கள். பேக்கரும் குக்கும் அதை அடிமைச் சந்தை என்றே அழைத்தார்கள். வழக்கமாக ஒரே வீட்டில் வேலை செய்யும் பெண்களைச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குள் கொண்டுவந்த திருத்தம் 1950இல் தான் நிறைவேறியது. பியூலா தொலைக்காட்சிக்கு வந்ததும் அதே ஆண்டுதான். சிரித்த முகத்தோடு சமையலறையில் நின்ற பியூலாவின் வாயில் இந்தச் செய்தி ஒருநாளும் வந்திருக்காது.

இந்த வகைப் பாத்திரத்துக்கு ஆய்வாளர்கள் 'மேமி' என்று பெயர் சொல்கிறார்கள். நம் ஊர் மாமிக்கும் இதற்கும் தொடர்பில்லை. எசமானர் வீட்டுப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளைவிட அதிகமாக நேசிப்பவளாகக் கற்பிக்கப்பட்ட, பருத்த, ஆசாபாசமற்ற தாதி என்ற அடிமைக்காலக் கற்பனை அது. அதன் மறுபக்கமாக வந்தவள் சஃபையர். 1951 முதல் 1953 வரை சிபிஎஸ்ஸில் வந்த 'ஏமஸ் அண்ட் ஆண்டி' தொடரில் கணவனைச் சதா கரித்துக்கொட்டும் மனைவியின் பெயர் அது; நடித்தவர் எர்னஸ்டின் வேட். இத்தொடரும் வானொலியில் இரண்டு வெள்ளையின ஆண்கள் தங்கள் குரலில் உருவாக்கியதுதான். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு கடுமையாக எதிர்த்தது, தொடர் நிறுத்தப்பட்டது, ஆனாலும் மறுஒளிபரப்பாக 1966 வரை உள்ளூர் நிலையங்களில் ஓடியது. சஃபையர் என்ற பெயர் இன்று ஒரு பொதுப்பெயர். கோபக்காரி, வாயாடி, ஆணை அடக்கி ஆள்பவள் என்று கறுப்பினப் பெண்ணை முத்திரை குத்தும் பழக்கத்துக்கே அந்தப் பெயர்தான்.

சமூகவியலாளர் பட்ரிசியா ஹில் காலின்ஸ் 1990இல் வெளியான தம் நூலில் இவற்றைக் கட்டுப்படுத்தும் பிம்பங்கள் என்கிறார். அவை பொய் என்பது மட்டும் அவருடைய குறை இல்லை. வறுமையையும் ஓயாத உழைப்பையும் அவமதிப்பையும் இயற்கையானவையாகத் தோன்றச் செய்வதே அவற்றின் வேலை என்கிறார். வேலைக்காரி மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறாள் என்று நம்பினால் கூலியை உயர்த்தத் தேவையில்லை. அவள் இயல்பிலேயே கோபக்காரி என்று நம்பினால், அவள் எதற்காகக் கோபப்படுகிறாள் என்று கேட்கத் தேவையில்லை.

1968 செப்டம்பரில் என்பிசி 'ஜூலியா' தொடரைத் தொடங்கியது. அமெரிக்க நகரங்களில் வெடித்த கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம் அதே ஆண்டுத் தொடக்கத்தில் வெளியிட்ட அறிக்கையில், ஊடகங்கள் உலகத்தை வெள்ளையரின் கண்ணால் மட்டுமே பார்க்கின்றன என்று சாடியிருந்தது. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். இந்தச் சூழலில் திரைக்கு வந்த ஜூலியா, வியட்நாம் போரில் கணவனை இழந்த செவிலியர். சின்ன மகனோடு வசதியான அடுக்குமாடி வீட்டில் வாழ்பவர். எப்போதும் நேர்த்தியான உடை, இனிமையான பேச்சு. டயான் கரோல் நடித்த இந்தப் பாத்திரத்தைப் பார்த்துப் பெருமைப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் ஏராளம். ஜூலியா பொம்மைகூடக் கடைக்கு வந்தது. அதே வேளையில், கறுப்பர் குடியிருப்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது இது யாருடைய வாழ்க்கை என்ற கேள்வியும் எழுந்தது. இந்தப் பாத்திரத்தில் கறுப்பினத் தன்மை மிகக் குறைவு என்று கரோலே வெளிப்படையாகச் சொன்னார். அதே 1968இல், சிறு வயதிலிருந்தே வீட்டு வேலை செய்து வந்த டோரதி போல்டன் என்பவர் அட்லாண்டா நகரப் பேருந்துகளில் வேலைக்குப் போய்வரும் பெண்களிடம் பேசிப் பேசி வீட்டுப் பணியாளர் சங்கம் ஒன்றைக் கட்டினார். சங்கத்தில் சேர வேண்டுமென்றால் வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தொலைக்காட்சி வேலைக்காரியை விட்டுவிட்டுச் செவிலியரிடம் போன அதே ஆண்டில், வேலைக்காரிகள் கூலி கேட்டு ஒன்றுகூடினார்கள். அந்தக் கதையை எந்த அலைவரிசையும் நகைச்சுவைத் தொடராக்கவில்லை.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் நிறுத்தி வைப்பது 1974இல் சிபிஎஸ்ஸில் வந்த 'குட் டைம்ஸ்'. சிகாகோவின் அரசுக் குடியிருப்பில் வாழும் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தின் கதை. தாய் ஃபுளோரிடாவாக நடித்த எஸ்தர் ரோல், தொடரில் நடிக்க ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றைக் கறாராகக் கேட்டார்: குழந்தைகளுக்கு அப்பா வேண்டும். முதலில் போட்ட திட்டத்தில் அப்பா இல்லை. அவர் பிடிவாதத்தால்தான் ஜான் ஏமஸ் நடித்த ஜேம்ஸ் என்ற பாத்திரம் உருவானது.

இது வெறும் நடிகையின் பிடிவாதமாகத் தோன்றலாம். அதன் பின்னணியைப் பார்க்க வேண்டும். 1965இல் வெளியான, மொய்னிகன் அறிக்கை என்று அழைக்கப்படும் அரசு ஆவணம், கறுப்பினக் குடும்பம் தாய் தலைமையில் இருப்பதே அச்சமூகத்தின் பின்னடைவுக்கு மையமான காரணம் என்ற வாதத்தை முன்வைத்திருந்தது. மறுபுறம், ஏழைத் தாய்மாருக்கு உதவித்தொகை வழங்கிய திட்டத்திலோ, வீட்டில் ஆண் இருந்தால் உதவி கிடையாது என்று பல மாநிலங்கள் விதி வைத்திருந்தன. அந்த ஆண் குழந்தைகளின் தகப்பனாகக்கூட இருக்க வேண்டியதில்லை; தாய்க்கு ஒரு நண்பர் இருந்தாலே போதும். அதைக் கண்டுபிடிக்க அதிகாரிகள் நேரம் கெட்ட நேரத்தில் கதவைத் தட்டி, அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் தேடினார்கள். அலபாமா மாநிலத்தின் அப்படிப்பட்ட விதியை உச்ச நீதிமன்றம் 1968இல் 'கிங் எதிர் ஸ்மித்' வழக்கில் ரத்து செய்தது. வழக்குத் தொடுத்தவர் உணவகத்தில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த ஒரு கறுப்பினத் தாய். ஆக, ஒரு கை தகப்பனை வீட்டைவிட்டுத் துரத்தியது, இன்னொரு கை தகப்பன் இல்லை என்று குற்றம் எழுதியது. எஸ்தர் ரோல் கேட்ட அப்பா இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து வந்தவர்.

அந்த அப்பா நிலைக்கவில்லை. கதை மெல்ல மெல்ல மூத்த மகன் ஜேஜேயின் கோமாளித்தனத்தின் பக்கம் சாய்ந்தது. ரோலும் ஏமஸும் வெளிப்படையாகக் குறைப்பட்டார்கள். எழுத்தாளர்களோடு ஓயாமல் மோதிய ஏமஸ் 1976இல் நீக்கப்பட்டார். ஜேம்ஸ் கார் விபத்தில் இறந்துவிட்டதாகக் கதையை முடித்தார்கள். அதற்குப் பிறகு வரும் காட்சி அமெரிக்கத் தொலைக்காட்சியின் மறக்க முடியாத காட்சிகளில் ஒன்று. இறுதிச் சடங்குக்கு வந்தவர்களை ஃபுளோரிடா சிரித்த முகத்தோடு உபசரிக்கிறார், அழவே இல்லை, பிள்ளைகளுக்கு அதுவே கவலையாகிறது. எல்லோரும் போன பிறகு பெரிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கையில் எடுக்கிறார். அதைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு ஒரே வசைச்சொல்லை மூன்று முறை கத்துகிறார். இடிந்து போவதற்குக்கூட விருந்தினர் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டிய பெண்ணை ரோல் தன் உடம்பாலேயே எழுதிக் காட்டினார். அடுத்த ஆண்டு அவரே தொடரைவிட்டு விலகினார். 1978இல் திரும்பி வந்தார்.

ஃபுளோரிடா விதவையான அதே 1976இல், குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஆவதற்கான பிரசாரத்தில் இருந்த ரொனால்டு ரீகன், எண்பது பெயர்களில் உதவித்தொகை வாங்கி ஏமாற்றும் சிகாகோ பெண் ஒருத்தியைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார். அப்படியொரு மோசடிக்காரி உண்மையில் இருந்தார். ஆனால் அந்த ஒருவருக்குப் பத்திரிகை சூட்டிய 'வெல்ஃபேர் குயின்', அதாவது உதவித்தொகை ராணி என்ற பட்டம், உதவி வாங்கிய ஒவ்வொரு கறுப்பினத் தாயின் தலையிலும் ஏறி உட்கார்ந்தது. அரசியல் அறிஞர் மார்ட்டின் கிலன்ஸ் பின்னாளில் அமெரிக்கச் செய்தி வார இதழ்களின் பல பத்தாண்டுப் படங்களை எண்ணிப் பார்த்தார். வறுமை பற்றிய கட்டுரைகளில் காட்டப்பட்ட ஏழைகளில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். நாட்டின் உண்மையான ஏழைகளில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சிகாகோவின் கற்பனைத் தாய் ஃபுளோரிடாவைவிட மேடைப் பேச்சின் சிகாகோ ராணிக்கு நீண்ட ஆயுள் கிடைத்தது.

எண்பதுகளில் வந்த, வசதியான கறுப்பினக் குடும்பம் ஒன்றைக் காட்டிய 'தி காஸ்பி ஷோ' பற்றி எழுதப்பட்டது நிறைய. சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். ஃபிலீசியா ரஷாத் நடித்த கிளேர் ஹக்ஸ்டபிள் வழக்கறிஞர், ஐந்து பிள்ளைகளின் தாய், எப்போதும் களைக்காதவர். அத்தொடரைப் பார்த்த மக்களிடம் பேசி 1992இல் ஆய்வு வெளியிட்ட சூட் ஜாலி, ஜஸ்டின் லூயிஸ் ஆகியோர், இந்தக் குடும்பத்தை நேசித்த வெள்ளையினப் பார்வையாளர் பலரும் 'இவர்களால் முடிந்தது, மற்றவர்களுக்கு மட்டும் என்ன கேடு' என்ற முடிவுக்கே வந்தார்கள் என்று கண்டார்கள். நல்ல பிம்பமும் மோசமான வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எழுதுகிறவர் மாறியபோது திரையில் என்ன மாறியது என்பதை ஒரு வாக்கியத்தைக் கொண்டே காட்டிவிடலாம். 1993இல் 'லிவிங் சிங்கிள்' தொடரின் மூலம், முதன்மை நேரத் தொடர் ஒன்றைத் தாமே உருவாக்கிய முதல் கறுப்பினப் பெண் என்ற இடத்தை இவெட் லீ பௌசர் பெற்றார். கறுப்பினப் பெண் எழுத்தாளரான ஷோண்டா ரைம்ஸ் உருவாக்கிய 'ஸ்கேண்டல்' 2012இல் தொடங்கியபோது, பெரிய அலைவரிசை ஒன்றின் நாடகத் தொடரில் கறுப்பினப் பெண் நாயகியாவது 1974இல் வந்த ஒரு காவல்துறைத் தொடருக்குப் பின் அதுவே முதல் முறை. அந்த 'ஸ்கேண்டல்' தொடரில் தந்தை மகளை உலுக்கிக் கேட்கிறார்: அவர்களிடம் இருப்பதில் பாதி கிடைக்க வேண்டுமென்றால் நீ எத்தனை மடங்கு உயர்ந்தவளாக இருக்க வேண்டும் என்று சொல்லி வளர்த்தேன்? மகள் விடை சொல்கிறாள்: இரண்டு மடங்கு. கறுப்பினக் குடும்பங்களில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்பும் பாடம் இது. பார்த்துக்கொண்டிருந்த கறுப்பினப் பெண்கள் அதைக் கேட்டுத் தங்கள் வீட்டுக் கூடத்தை நினைத்தார்கள். மற்றவர்கள் அதை நல்ல வசனம் என்று நினைத்தார்கள். இரண்டு பேரும் ஒரே காட்சியைத்தான் பார்த்தார்கள்.

ஆனால் எழுதுகோல் கைக்கு வந்துவிட்டதால் முத்திரை அழிந்துவிடவில்லை. 2014 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தொலைக்காட்சி விமர்சகர், ஷோண்டா ரைம்ஸ் தன்வரலாறு எழுதினால் அதன் தலைப்பில் 'கோபக்காரக் கறுப்பினப் பெண்' என்ற சொற்கள் இருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு கட்டுரையைத் தொடங்கினார். பாராட்டாகத்தான் எழுதினாராம். வேடிக்கை என்னவென்றால், அவர் குறிப்பிட்ட புதிய தொடரான 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' ரைம்ஸ் உருவாக்கியதே அல்ல. அவர் தயாரிப்பாளர் மட்டுமே. உருவாக்கியவர் பீட்டர் நோவாக் என்ற வெள்ளையின ஆண். நோவாக் எழுதிய கோபம் ரைம்ஸின் கணக்கில் எழுதப்பட்டது. அதே கட்டுரை வயோலா டேவிஸின் அழகு மரபான அழகைவிடக் குறைந்தது என்ற பொருளிலும் பேசியது. ஒரு மாதத்தில் அந்தக் கண்ணாடிக் காட்சி வந்தது. அடுத்த ஆண்டு, நாடகத் தொடருக்கான சிறந்த நடிகை எம்மி விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார் டேவிஸ்.

தலைமுடியை அழகுக் குறிப்பாக நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது. பின்னல், சடைத்திரி முதலிய இயல்பான சிகை அமைப்புகளுக்காக வேலையிலோ பள்ளியிலோ ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சொல்லும் கிரௌன் சட்டத்தை 2019இல் தான் கலிபோர்னியா முதல் மாநிலமாக நிறைவேற்றியது. நாடு முழுமைக்குமான அதே சட்டம் 2022இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியும் செனட் அவையைத் தாண்டவில்லை. அனலிஸ் கீட்டிங் வகை வழக்கறிஞர் காலையில் விக்கை மாட்டிக்கொண்டு போனதில் அலங்கார ஆசையோடு பிழைப்புக் கணக்கும் இருந்தது. படப்பிடிப்புத் தளத்திலும் இதே கதைதான். தங்கள் முடியைக் கையாளத் தெரிந்த ஒப்பனையாளர் தளத்தில் இல்லாததால், தாங்களே சீவி முடித்து, தங்கள் நிறத்துக்குரிய முகப்பூச்சையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனதைக் கறுப்பின நடிகைகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஒளியமைப்பும் தோலின் நிறம் பார்த்தே வந்தது. நிறங்களைச் சரிபார்க்கப் புகைப்படத் தொழிலில் பயன்பட்ட கோடாக் மாதிரி அட்டையில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளையினப் பெண்ணின் முகம். கறுத்த தோல் இருட்டில் கரைந்து போனால் அது கேமராவின் குற்றமாகக் கருதப்படவில்லை. இசா ரே உருவாக்கி 2016 முதல் எச்பிஓவில் வந்த 'இன்செக்யூர்' தொடரில் ஒளிப்பதிவாளர் ஏவா பெர்காஃப்ஸ்கி நடிகர்களின் தோலில் ஈரப்பசை பூசச் செய்து, அதில் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் கொண்டே முகங்களைத் துலக்கினார். இரவுக் காட்சியிலும் கறுப்பின முகங்கள் பளபளத்தன. வசனம் ஒன்றும் மாறாமலேயே கண்ணுக்கு முன் ஒரு வாழ்க்கை தெளிவாகிறது என்றால், அதுவரை தெளிவில்லாமல் இருந்ததற்கு யாரோ ஒருவர் எடுத்த முடிவு காரணம் என்றுதானே பொருள்?

அந்தத் தொடரின் இரண்டாம் பருவத்தில் ஒரு சின்ன இடம் உண்டு. மாலி ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் கடுமையாக உழைக்கும் வழக்கறிஞர். சக ஊழியரான வெள்ளையின ஆணின் சம்பள உறை தவறுதலாக அவர் கைக்கு வருகிறது. பிரித்துப் பார்க்கிறார்; தொகை தன்னுடையதைவிட மிக அதிகம். கத்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. முகம் மட்டும் ஒரு கணம் உறைகிறது. அமெரிக்காவில் வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் நெடுங்காலமாகக் கறுப்பினப் பெண்களிடையேதான் உயர்ந்திருந்தது. ஆனாலும் முழுநேர வேலை செய்யும் கறுப்பினப் பெண்ணின் ஊதியம் வெள்ளையின ஆணின் ஊதியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். கத்தினால் சஃபையர் ஆகிவிடுவோம் என்று மாலிக்குத் தெரியும். எழுபது ஆண்டுக்கு முந்தைய நகைச்சுவைத் தொடர் அந்த அலுவலக அறையிலும் உட்கார்ந்திருக்கிறது.

பழைய பிம்பங்களில் மிகவும் பிழைத்துக் கிடப்பது, திட்டாகப் பார்க்கப்படாமல் புகழ்ச்சியாகப் பார்க்கப்படும் ஒன்று: எதையும் தாங்கும் வலிமையான கறுப்பினப் பெண். பியூலாவிடம் அது சேவையாக இருந்தது, கிளேரிடம் சாதனையாக இருந்தது, பல மருத்துவமனைத் தொடர்களில் நாயகியைத் தட்டிக்கொடுக்கும் தோழியாக வந்தது. செவிலியர் துறை ஆய்வாளர் ஷெரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே 2010இல் வெளியிட்ட ஆய்வில் பேசிய பெண்கள், வலிமையைக் காட்டியே ஆக வேண்டும், உணர்ச்சியை அடக்கியே ஆக வேண்டும், பிறர் உதவியை ஏற்கக் கூடாது என்ற நெருக்கடியில் வாழ்வதாகச் சொன்னார்கள். இது பெண்கள் தாமாக ஏற்றுக்கொண்ட சுமை மட்டுமில்லை. எதிரில் இருப்பவரும் அதையே எதிர்பார்க்கிறார். 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டபோது, கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற தவறான நம்பிக்கைகளில் ஒன்றையாவது பாதிப் பேர் ஏற்றார்கள். அப்படி ஏற்றவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

2017 செப்டம்பரில் டென்னிஸ் வீராங்கனை செரினா வில்லியம்ஸ் அறுவை சிகிச்சை மூலம் மகளைப் பெற்றெடுத்தார். மறுநாள் மூச்சுத் திணறியது. முன்பே இரத்தக்கட்டி வந்தவர் என்பதால், என்ன பரிசோதனை வேண்டும், என்ன மருந்து வேண்டும் என்று அவரே சொன்னார். வலிமருந்தின் குழப்பத்தில் பேசுகிறார் என்று செவிலியர் நினைத்தார். அவர் வற்புறுத்திய ஸ்கேனை எடுத்தபோது நுரையீரலில் இரத்தக்கட்டிகள் இருந்தன. இந்தச் செய்தி 2018 ஜனவரியில் வெளியானது. சில வாரங்கள் கழித்து, பிப்ரவரி தொடக்கத்தில், 'கிரேஸ் அனாட்டமி' தொடரின் டாக்டர் மிராண்டா பெய்லி வேறொரு மருத்துவமனைக்குப் போய், தனக்கு மாரடைப்பு வந்திருக்கிறது என்று சொல்கிறார். அவர் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர். சொல்வது என்னவென்று தெரிந்தவர். முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியாததால் மன அழுத்தம் என்கிறார்கள். மனநல மருத்துவரைக்கூட அழைக்கிறார்கள். அவர் சொன்னது சரி என்று தெரியவரும்போது பகுதி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சாந்த்ரா வில்சன் நடித்த பெய்லியை, இத்தொடரையும் உருவாக்கிய ரைம்ஸ் முதலில் பொன்னிறக் கூந்தல் கொண்ட குள்ளமான வெள்ளையினப் பெண்ணாகவே மனத்தில் வைத்திருந்தார். அப்படியே நடந்திருந்தால் இந்தப் பகுதிக்குப் பாதிப் பொருள்தான் இருந்திருக்கும்.

திரைக்கு வெளியே கணக்கு இன்னும் கொடியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் புள்ளிவிவரப்படி 2021இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இறந்த கறுப்பினத் தாய்மார் 69.9 பேர், வெள்ளையினத் தாய்மார் 26.6 பேர். 2023இல் இது முறையே 50.3 என்றும் 14.5 என்றும் குறைந்தது. ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி விகிதத்தில் கூடியது. படிப்பும் வருமானமும் இந்த இடைவெளியை முழுதாக மூடுவதில்லை என்பதற்கு செரினாவைவிட அறிமுகமான சாட்சி கிடைக்காது. தொலைக்காட்சிதான் இதற்குக் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் எழுபது ஆண்டுகளாக 'இவளுக்கு வலிக்காது' என்று ஒரு பெட்டி வீட்டுக்கூடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தபோது, அந்தக் கூடத்தில் வளர்ந்த பிள்ளைகளில் சிலர் மருத்துவர் ஆனார்கள்.

கறுப்பினப் பெண் ஒருவரோடு நேரில் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத நம்மில் பலருக்கும் அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஓடிடி தளங்கள் வழியே வந்ததுதான் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2021 டிசம்பரில் ஏபிசியில் தொடங்கிய 'அபட் எலிமென்ட்டரி' எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு எளிய காரணத்தால்: அந்தப் பள்ளியில் கறுப்பினப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். தொடரை உருவாக்கி நடிக்கும் குவிண்டா பிரன்சனின் தாய் ஃபிலடெல்ஃபியாவில் ஆசிரியையாக இருந்தவர். தொடரின் பெயரே பிரன்சனுக்குப் பாடம் நடத்திய ஓர் ஆசிரியையின் பெயர். முதல் பகுதியின் சிக்கல் ஒரு தரைவிரிப்பு. பிள்ளை ஒன்று வகுப்பறை விரிப்பில் சிறுநீர் கழித்துவிட, புதிது வாங்கக் காசில்லை. பிரன்சன் நடிக்கும் ஜனீன் அனுபவமில்லாத ஆர்வக்கோளாறு. ஷெரில் லீ ரால்ஃப் நடிக்கும் பார்பரா பல்லாண்டுப் பழுத்த ஆசிரியை, தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர், எதையும் எதிர்பார்க்காமல் பழகிவிட்டவர். தலைமையாசிரியை ஏவாவோ, அவசரத் தேவைக்கு வந்த பணத்தைப் பள்ளி வாசலுக்குப் புதுப் பெயர்ப்பலகை வைத்துச் செலவழித்துவிட்டுக் கவலையே இல்லாமல் திரிகிறவர். சோம்பேறி, சுயநலக்காரி, தற்பெருமை பிடித்தவர், ஆனால் தாங்க முடியாத அளவுக்குச் சிரிக்க வைப்பவர். 1968இல் ஜூலியாவால் ஒரு நாள்கூட இப்படி இருந்திருக்க முடியாது. திரையில் கறுப்பின நாயகியாக அவர் ஒருவர்தான் இருந்தார், அவர் செய்த தப்பு எல்லோருடைய தப்பாகியிருக்கும். 2024 ஜனவரியில் பிரன்சன் நகைச்சுவைத் தொடருக்கான சிறந்த நடிகை எம்மி விருதைப் பெற்றார். அதற்கு முன் ஒரு கறுப்பினப் பெண் அந்த விருதைக் கடைசியாகப் பெற்றது 1981இல், 'தி ஜெஃபர்சன்ஸ்' தொடருக்காக இசபெல் சான்ஃபோர்டு. விருதுக்கு 42 ஆண்டுக்கு மேல் ஆனது. வேலையைச் சரியாகச் செய்யாத ஒரு கறுப்பினத் தலைமையாசிரியையைப் பார்த்து, அவர் இனத்தைப் பற்றி ஒன்றும் முடிவு கட்டாமல் சிரிப்பதற்கு, பியூலாவிலிருந்து கணக்கிட்டால், 71 ஆண்டு ஆனது.